வீட்டுக் கணினிகளுக்குள் பாஸ்வேர்டு போட்டு ஃபோல்டர் பகிர்வது எப்படி?

விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு என்று தனிப் பாஸ்வேர்டு கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பிப்பவர்கள்தான் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் 'பாஸ்வேர்டே வேண்டாம்' என்று அணைத்துவிட்டுப் போகிறார்கள். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து எங்கே தேடினாலும் பாஸ்வேர்டு எழுதும் கட்டம் வராது. பாஸ்வேர்டு ஆளுக்கு உரியது. ஃபோல்டர் இருக்கும் கணினியில் அந்த ஆளுக்கு ஒரு யூசர் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும்தான் அடுத்த கணினியிலிருந்து வருபவர் கொடுக்க வேண்டும். கல்யாண மண்டப வாசலில் அழைப்பிதழைக் காட்டி உள்ளே போவது போல அல்ல. உள்ளே இருப்பவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இது புரிந்துவிட்டால் கீழே வரும் படிகளும், பின்னால் வரும் பிழைச் செய்திகளும் தானாகப் பிடிபடும்.

இங்கே சொல்வது விண்டோஸ் 11-ஐ வைத்து. விண்டோஸ் 10-இல் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம் (அதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, வீட்டு நெட்வொர்க்கில் வைத்திருந்தால் இதையும் மனதில் கொள்ளுங்கள்). மேற்கோள்குறிக்குள் வரும் மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். பழைய கட்டுரைகளில் 'ஹோம்குரூப்' என்று ஒன்றைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். அது 2018-இல் வந்த 1803 பதிப்போடு விண்டோஸ் 10-இலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹாலில் ஒரு டெஸ்க்டாப், அம்மாவிடம் ஒரு லேப்டாப், தம்பியிடம் ஒரு லேப்டாப். டெஸ்க்டாப்பில் இரண்டு ஃபோல்டர்கள்: 'போட்டோ', 'கணக்கு'. போட்டோவை எல்லோரும் பார்க்கலாம், யாரும் அழிக்கக் கூடாது. கணக்கை அம்மா மட்டும் திறக்கலாம், திருத்தலாம்.

முதலில் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருக்கிறதா?

எல்லாக் கணினிகளிலும் இன்டர்நெட் வருகிறது என்பதற்காக அவை ஒரே நெட்வொர்க்கில் இருப்பதாக அர்த்தமில்லை. நம் வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான்: ஃபைபர் இணைப்பு கொடுத்தவர் ஒரு ரவுட்டரை ஹாலில் மாட்டிவிட்டுப் போவார். மாடியில் சிக்னல் வராது. கடையிலிருந்து இன்னொரு ரவுட்டரை வாங்கி, ஹால் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து அதில் செருகுவோம். இன்டர்நெட் வரும். ஆனால் மாடியில் உள்ள லேப்டாப் தனி நெட்வொர்க்குக்குள் போய்விடும். ஹாலில் உள்ள கணினி மாடி லேப்டாப்பைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு கணினியிலும் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போய், இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈத்தர்நெட்டின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'ஐபிவி4 அட்ரஸ்' என்ற வரியைப் பாருங்கள். நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் முகவரியான ஐபி எண் இதுதான். ஒன்றில் 192.168.1.20, இன்னொன்றில் 192.168.1.34 என்றால் சரி. முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றில் 192.168.1.20, மற்றதில் 192.168.0.105 என்று இருந்தால் மேலே சொன்ன கதைதான். ஜியோ ஃபைபர் வீடுகளில் 192.168.29 என்று ஆரம்பிக்கும். அதில் தவறில்லை, எல்லாவற்றிலும் அப்படியே இருந்தால் போதும்.

இரண்டாவது ரவுட்டரைச் சரிசெய்ய அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று இருந்தால் அதற்கு மாற்றுங்கள். அப்படி ஒன்று இல்லாத பழைய ரவுட்டர் என்றால், அதில் 'டிஎச்சிபி'-யை (கணினிகளுக்கு ஐபி எண் ஒதுக்கும் வேலை) அணைத்து, அதன் ஐபி எண் ஹால் ரவுட்டரின் எண்ணோடு மோதாதபடி மாற்றி (192.168.1.2 போல), கேபிளை 'வேன்' (WAN) துளையிலிருந்து பிடுங்கி 'லேன்' (LAN) துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வரிசை முக்கியம், கேபிளை மாற்றுவது கடைசியில்.

இன்னொரு மறைவான சிக்கல் 'கெஸ்ட் வைஃபை'. விருந்தினர்களுக்கென்று ரவுட்டரில் வைத்திருக்கும் அந்தப் பெயரில் இணைந்தால், ஐபி எண் சரியாக இருந்தாலும் ஒரு கணினி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே மறித்துவிடும். அது குறையல்ல, அதன் வேலையே அதுதான். அலுவலக லேப்டாப்பில் விபிஎன் (இணையம் வழியாக இன்னொரு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வசதி) ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டுக் கணினிகள் கண்ணில் படாமல் போகலாம்.

டெஸ்க்டாப்பைத் தயார் செய்தல்

கணினிக்கு நல்ல பெயர் வையுங்கள். விண்டோஸ் தானாக வைக்கும் பெயர் 'டெஸ்க்டாப்' என்று ஆரம்பித்து எழுத்தும் எண்ணுமாக நீளும். யாருக்கும் நினைவில் நிற்காது. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்', 'ரீநேம் திஸ் பிசி'. 15 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்தில் வையுங்கள். இங்கே 'ஹால்பிசி' (hallpc) என்று வைத்துக்கொள்வோம். இனி தமிழில் எழுதியிருக்கும் கணினி, யூசர், பகிர்வுப் பெயர்களை நீங்கள் வைத்த ஆங்கிலப் பெயராகவே அடியுங்கள். ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் புதிய பெயர் நடைமுறைக்கு வரும்.

அடுத்து, நெட்வொர்க்கை விண்டோஸ் எந்த வகையாக நினைக்கிறது என்று பாருங்கள். மேலே ஐபி எண் பார்த்த அதே பக்கத்தில் 'பப்ளிக் நெட்வொர்க்', 'பிரைவேட் நெட்வொர்க்' என்று இரண்டு இருக்கும். வீட்டு வைஃபைக்கு 'பிரைவேட்'. இதைப் பகிரும் கணினியில் கட்டாயம் மாற்றுங்கள். 'பப்ளிக்'காக விட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவலான ஃபயர்வால் கதவைச் சாத்திவைத்திருக்கும். புதிய ரவுட்டர் வாங்கினாலோ வைஃபை பெயரை மாற்றினாலோ விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காகக் கருதி மறுபடி 'பப்ளிக்' ஆக்கிவிடும். 'நேற்றுவரை வேலை செய்தது, ரவுட்டர் மாற்றியதும் நின்றுவிட்டது' என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பிறகு 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்'. (விண்டோஸ் 10-இல் 'கன்ட்ரோல் பேனல்', 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்', இடப்பக்கம் 'சேஞ்ச் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்'.) 'பிரைவேட் நெட்வொர்க்ஸ்' பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்' இரண்டும் ஆன். 'பப்ளிக்' பகுதியில் இரண்டும் ஆஃப். கீழே 'ஆல் நெட்வொர்க்ஸ்' பகுதியில் 'பப்ளிக் ஃபோல்டர் ஷேரிங்' ஆஃப், 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்' ஆன்.

'வேலை செய்யவில்லையா, இதை ஆஃப் செய்' என்று பலரும் சொல்லும் சுவிட்ச் இந்தக் கடைசி ஒன்றுதான். ஆஃப் செய்தால் பெயர் கேட்காமல், 'கெஸ்ட்' என்ற அநாமதேயக் கணக்கில் ஆட்களை உள்ளே விடும். அந்த வழி இப்போது அடைபட்டுக்கொண்டே வருகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ப்ரோ எடிஷன் லேப்டாப்பிலிருந்து கெஸ்ட்டாக இன்னொரு கணினிக்குள் போக முயன்றால், 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக் கணினியில் ஏது நிறுவனம் என்று குழம்ப வேண்டாம். பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் வராதே என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது.

யூசர் கணக்குகள்: பாதிப் பேர் தடுக்கி விழும் இடம்

டெஸ்க்டாப்பில் நீங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, நான்கு இலக்கப் பின் நம்பர் போட்டுத் திறப்பவராக இருப்பீர்கள். லேப்டாப்பிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும்போது அந்தப் பின் நம்பரை அடித்தால் ஏற்காது. பின் என்பது அந்த ஒரு கணினியின் கீபோர்டு முன் உட்காருபவருக்கு மட்டும். நெட்வொர்க் வழியாக அது செல்லாது. கைரேகையும் முகமும் அப்படியே. மைக்ரோசாஃப்ட் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைக் கொடுத்தால் சில கணினிகளில் ஏற்கும். அந்த டெஸ்க்டாப்பில் ஒரு முறைகூட அந்தப் பாஸ்வேர்டை அடித்து நுழைந்ததில்லை என்றால் அதையும் ஏற்காது. இந்த வம்பே வேண்டாம். பகிர்வதற்கென்று தனி லோக்கல் கணக்குகள் (மின்னஞ்சலோடு சேராமல் அந்தக் கணினியில் மட்டும் இருப்பவை) உருவாக்குங்கள். மின்னஞ்சல் பாஸ்வேர்டை வீடு முழுக்கச் சொல்லித் திரிய வேண்டிய அவசியமும் இருக்காது.

டெஸ்க்டாப்பில்: 'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்', 'ஆட் அக்கவுன்ட்'. மின்னஞ்சல் கேட்கும் பெட்டி வரும். எதையும் எழுதாமல், கீழே 'இவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை' என்ற பொருளில் இருக்கும் சிறிய இணைப்பைச் சொடுக்குங்கள். அடுத்த திரையில் 'மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் யூசரைச் சேர்' என்ற பொருளில் இன்னொரு இணைப்பு. (வேண்டுமென்றே கண்ணில் படாதபடி வைத்திருக்கிறார்கள்.) இப்போது பெயர், பாஸ்வேர்டு, மூன்று பாதுகாப்புக் கேள்விகள். யூசர் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் வையுங்கள். தமிழிலும் வைக்கலாம்தான், ஆனால் போனிலிருந்தும் டிவியிலிருந்தும் அடிக்கும்போது அவதி.

அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. 'வீடு' என்று பொதுவாக ஒரே யூசரை வைத்துக்கொண்டு, கணக்கு ஃபோல்டருக்கு மட்டும் இன்னொரு யூசரை வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. ஒரு லேப்டாப்பிலிருந்து ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் போக விண்டோஸ் விடாது. அம்மா போட்டோவை 'வீடு' என்ற பெயரில் திறந்துவிட்டு, 'கணக்கு' ஃபோல்டரை வேறு பெயரில் திறக்கப் போனால் 1219 என்ற பிழை வந்து நிற்கும். ஆளுக்கு ஒரு பெயர். எந்த ஃபோல்டருக்கு என்ன உரிமை என்பதை ஃபோல்டரில் எழுதிக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டைக் காலியாக விடாதீர்கள். பாஸ்வேர்டு இல்லாத கணக்கால் கணினி முன் உட்கார்ந்துதான் நுழைய முடியும், நெட்வொர்க் வழியாக முடியாது என்பது விண்டோஸின் இயல்பான விதி. 'எனக்குத்தான் பாஸ்வேர்டே இல்லையே, பிறகு ஏன் கேட்கிறது?' என்ற கேள்விக்கு விடை இதுதான்.

விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்கள் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' வழியாகவும் யூசரை உருவாக்கலாம். அங்கே 'அடுத்த முறை நுழையும்போது பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்' என்ற கட்டம் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள், இருந்தால் லேப்டாப்பிலிருந்து நுழையவே முடியாது. 'பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ்' கட்டத்தை டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால், விண்டோஸின் இயல்பான கெடு 42 நாள். ஆறு வாரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பகிர்வு ஒரு நாள் காலையில் காரணமே இல்லாமல் நின்றுபோகும்; நீங்கள் ரவுட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபோல்டரைப் பகிர்தல்

பகிரும் ஃபோல்டரை 'டாக்குமென்ட்ஸ்', 'டெஸ்க்டாப்' போன்ற உங்கள் சொந்த இடங்களுக்குள் வைக்காதீர்கள். டி டிரைவில், வெளியிலேயே, புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் பொருட்களைக் கொண்டுவாருங்கள். டி டிரைவே இல்லையென்றால் சி டிரைவின் வெளித்தட்டில் உருவாக்கலாம். காரணம் சற்று கீழே.

'கணக்கு' ஃபோல்டரை ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ஷேரிங்' டேப். அங்கே 'ஷேர்', 'அட்வான்ஸ்டு ஷேரிங்' என்று இரண்டு பட்டன்கள். முதலாவது எளிதாகத் தெரியும். ஆனால் பின்னணியில் என்னென்ன செய்தது என்று சொல்லாது. இரண்டாவதையே பழகிக்கொள்ளுங்கள்.

'ஷேர் திஸ் ஃபோல்டர்' டிக். பெயர்க் கட்டத்தில் இடைவெளி இல்லாத சிறிய பெயர். 'பர்மிஷன்ஸ்' பட்டனை அழுத்தினால் 'எவ்ரிஒன்' என்ற ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்து 'ரிமூவ்'. பிறகு 'ஆட்', அம்மாவின் யூசர் பெயரை அடித்து 'செக் நேம்ஸ்'. பெயர் சரியென்றால் 'ஹால்பிசி\அம்மா' என்று விரிந்து அடிக்கோடு விழும். அடிக்கோடு விழவில்லையென்றால் பெயரில் எழுத்துப்பிழை. திரையில் காட்டும் முழுப்பெயருக்கும் உண்மையான யூசர் பெயருக்கும் வித்தியாசம் இருப்பதும் உண்டு. ஓகே கொடுத்து, கீழே 'சேஞ்ச்' கட்டத்தை டிக் செய்தால் 'ரீட்' தானாகச் சேரும். 'ஃபுல் கன்ட்ரோல்' தேவையில்லை. அது உரிமைகளையே மாற்றும் உரிமை.

'போட்டோ' ஃபோல்டருக்கும் இதே. ஆனால் அம்மா, தம்பி இருவரையும் சேர்த்து 'ரீட்' மட்டும். இதில் கொஞ்சம் கறாராக இருப்பது நல்லது. நெட்வொர்க் வழியாக அழித்த ஃபைல் டெஸ்க்டாப்பின் 'ரீசைக்கிள் பின்'னுக்குப் போகாது, போனது போனதுதான். தம்பியின் லேப்டாப்பில் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் ஏதாவது புகுந்தால், அவருக்கு 'சேஞ்ச்' உரிமை உள்ள எல்லாப் பகிர்வுகளையும் அது சேர்த்தே பூட்டிவிடும். 'ரீட்' மட்டும் இருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது 'செக்யூரிட்டி' டேப். பகிர்வுக்கு ஒரு உரிமைப் பட்டியல், டிஸ்க்கில் உள்ள ஃபோல்டருக்கே இன்னொரு உரிமைப் பட்டியல் என்று இரண்டு உண்டு. நெட்வொர்க்கில் வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். எது கறாரோ அதுவே செல்லும். டி டிரைவில் வெளித்தட்டில் உருவாக்கிய ஃபோல்டரில் 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்ற வரி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்; அதனால் இரண்டாவது கதவு திறந்தே கிடக்கும், முதல் பட்டியல் மட்டும் போதும். 'டாக்குமென்ட்ஸ்'ஸுக்குள் இருக்கும் ஃபோல்டரில் உங்கள் பெயரும் நிர்வாகியும் சிஸ்டமும் மட்டும்தான் இருக்கும். அங்கே பகிர்ந்தால் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும், திறக்காது. அதற்காகத்தான் வெளியே வைக்கச் சொன்னது. உள்ளேதான் வைத்தாக வேண்டும் என்றால் 'செக்யூரிட்டி', 'எடிட்', 'ஆட்' வழியாக அம்மாவை அங்கேயும் சேர்த்து 'மாடிஃபை' கொடுங்கள்.

வெளி ஹார்டு டிஸ்க்கைப் பகிர்ந்தால் 'செக்யூரிட்டி' டேப்பே இல்லாமல் இருக்கலாம். அது எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது என்று பொருள். அந்த முறைகளில் ஆளுக்கு ஆள் உரிமை எழுதும் வசதி கிடையாது; பகிர்வுப் பட்டியல் ஒன்றையே நம்ப வேண்டும்.

லேப்டாப்பிலிருந்து இணைத்தல்

அம்மாவின் லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் \\ஹால்பிசி என்று அடித்து என்டர். இரண்டு கோடுகளும் என்டர் விசைக்குப் பக்கத்தில் இருக்கும் பின்சாய்கோடுகள்; இணைய முகவரியில் வரும் கோடு அல்ல. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பெட்டி வரும். பெயரில் ஹால்பிசி\அம்மா என்று கணினிப் பெயரோடு சேர்த்து அடியுங்கள். வெறும் யூசர் பெயரை அடித்தால் அது லேப்டாப்பின் சொந்த யூசர் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளக்கூடும். 'ரிமெம்பர் மை கிரெடென்ஷியல்ஸ்' டிக் செய்தால் அடுத்த முறை கேட்காது. வீட்டில் எல்லோரும் எடுத்துப் புழங்கும் லேப்டாப் என்றால் டிக் செய்யாதீர்கள். செய்தால் யார் உட்கார்ந்தாலும் கணக்கு ஃபோல்டர் திறக்கும்.

தினமும் பயன்படுத்துபவர்களுக்கு டிரைவ் எழுத்து வசதி. 'திஸ் பிசி' பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவில் 'மேப் நெட்வொர்க் டிரைவ்'. எழுத்துப் பட்டியலின் கடைசிப் பக்கமிருந்து ஒன்றைத் தேர்வு செய்யுங்கள். முன்பக்க எழுத்துகள் பென் டிரைவ் செருகும்போது மோதும். ஃபோல்டர் கட்டத்தில் \\ஹால்பிசி\கணக்கு. 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' டிக். 'கனெக்ட் யூசிங் டிஃபரன்ட் கிரெடென்ஷியல்ஸ்' டிக். முடித்தால் பென் டிரைவ் போலவே ஒரு டிரைவ் வந்து உட்காரும்.

இடப்பக்க 'நெட்வொர்க்' பட்டியலில் ஹால்பிசி தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அந்தப் பட்டியல் நம்பத்தக்கதல்ல. முகவரியை நேராக அடித்துத் திறந்தால் போதும், பட்டியலில் வராமலே வேலை நடக்கும். கண்டிப்பாக வர வேண்டும் என்றால் டெஸ்க்டாப்பில் 'சர்வீசஸ்' திறந்து, 'ஃபங்க்ஷன் டிஸ்கவரி' என்று ஆரம்பிக்கும் இரண்டு சர்வீஸ்களையும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி ஓடவிடுங்கள். பட்டியலில் தெரிவதற்காக 'எஸ்எம்பி 1.0' என்ற பழைய வசதியை இயக்கச் சொல்லும் ஆலோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்காதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியது அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் அது இயல்பாக வருவதே இல்லை.

எது வந்தால் எங்கே பார்ப்பது

பிழை எண் 80070035 என்று முடிந்தால், கணினியே கிடைக்கவில்லை. பாஸ்வேர்டு பற்றிய பேச்சே இன்னும் வரவில்லை. பெயருக்குப் பதிலாக \\192.168.1.20 என்று எண்ணை அடித்துப் பாருங்கள். எண்ணில் திறந்தால் பெயர் கண்டுபிடிப்பதில் மட்டும் கோளாறு, எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், ரவுட்டர் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் டெஸ்க்டாப்புக்கு அதை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். எண்ணிலும் திறக்கவில்லையென்றால் டெஸ்க்டாப் தூங்கிவிட்டதா என்று எழுந்து போய்ப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பத்தில் பல தடவை அதுதான். 'பவர்' செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்கலாம்; மானிட்டர் மட்டும் அணையட்டும். விழித்திருந்தும் வரவில்லையென்றால் 'பப்ளிக்', 'பிரைவேட்', பிறகு தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸின் ஃபயர்வால் என்ற வரிசையில் தேடுங்கள்.

பாஸ்வேர்டு பெட்டி திரும்பத் திரும்ப வந்தால், கணினி கிடைத்துவிட்டது; ஆளைத்தான் ஏற்கவில்லை. பின் நம்பர் அடித்தீர்களா, கணினிப் பெயரைச் சேர்த்தீர்களா, கேப்ஸ் லாக்? லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் ஒரே யூசர் பெயர் இருந்து பாஸ்வேர்டு மட்டும் வேறாக இருந்தாலும் இப்படி ஆகும். விண்டோஸ் முதலில் சத்தமில்லாமல் லேப்டாப்பில் நுழைந்த பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துப் பார்க்கும். (இரண்டும் அப்படியே ஒத்துப்போனால் பெட்டியே வராமல் திறக்கும், அதை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களும் உண்டு.) பழைய பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டிருந்தால் 'கன்ட்ரோல் பேனல்', 'கிரெடென்ஷியல் மேனேஜர்', 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' போய் ஹால்பிசி வரியை 'ரிமூவ்' செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். அவசரப்பட்டு அடித்துக்கொண்டே இருக்காதீர்கள்: விண்டோஸ் 11-ஐ 22எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாகப் புதிதாக நிறுவியிருந்தால், பத்து தடவை தவறினால் அந்தக் கணக்கு பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். அப்போது சரியான பாஸ்வேர்டையும் ஏற்காது.

எல்லாம் சரி, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் பெட்டி விடாமல் வருகிறது என்றால் இன்னொரு கேள்வி: இரண்டு கணினிகளும் ஒரே கடையில் அசெம்பிள் செய்து, ஒரே விண்டோஸ் பிரதியை அப்படியே டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நகல் எடுத்துப் போடப்பட்டவையா? அப்படி எடுத்தால் இரண்டுக்கும் உள்ளடையாள எண் ஒன்றாகிவிடும். வெகுகாலம் அது பிரச்சினையாக இருந்ததில்லை. 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்த விண்டோஸ் 11 அப்டேட்கள், அடையாளம் ஒன்றாக இருக்கும் கணினிகள் ஒன்றுக்கொன்று நுழைவதை மறுக்கின்றன. இதற்குச் சுற்றுவழி தேடாமல் ஒன்றில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே தீர்வு.

1219 என்றால் வேறு பெயரில் ஏற்கெனவே இணைந்திருக்கிறீர்கள். டிரைவைத் துண்டித்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஃபோல்டர் திறக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றிரண்டு ஃபைல்கள் மட்டும் 'ஆக்சஸ் டினைட்' சொல்கின்றனவா? அவை அதே டிரைவில் வேறு ஃபோல்டரிலிருந்து 'கட்' செய்து கொண்டுவரப்பட்டிருக்கும். 'காப்பி' செய்தால் ஃபைல் புது இடத்தின் உரிமைகளை வாங்கிக்கொள்ளும். அதே டிரைவுக்குள் 'கட்' செய்து நகர்த்தினால் பழைய இடத்தின் உரிமைகளைச் சுமந்துகொண்டு வந்துவிடுவதுண்டு. டெஸ்க்டாப்பில் ஃபோல்டரின் 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' போய், உள்ளிருப்பவை எல்லாவற்றின் உரிமைகளையும் இந்த ஃபோல்டரின் உரிமைகளால் மாற்று என்ற பொருளில் கீழே இருக்கும் கட்டத்தை டிக் செய்து ஓகே கொடுங்கள்.

வேகம், போன், மேக்

கல்யாண வீடியோ 50 ஜிபி இருக்கிறது என்று வையுங்கள். ஜிகாபிட் கேபிள் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி அளவில் போகும். எட்டு நிமிடத்தில் முடியும். 100 எம்பிபிஎஸ் இணைப்பென்றால் நொடிக்கு 11 எம்பி. ஒன்றேகால் மணி நேரம். கேட்5இ கேபிளே ஜிகாபிட்டுக்குப் போதும், ஆனால் எட்டுக் கம்பிகளும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு அறாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. நகல் எடுக்கும்போது வேகம் 11-ஐத் தாண்டாமல் கோடு போட்டதுபோல் நின்றால் கேபிளையோ ரவுட்டரின் துளையையோ சந்தேகப்படுங்கள். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணையுங்கள்.

ஐபோனில் 'ஃபைல்ஸ்' ஆப்பில் மூன்று புள்ளி மெனு, 'கனெக்ட் டு சர்வர்', டெஸ்க்டாப்பின் ஐபி எண், பிறகு அதே யூசர் பெயரும் பாஸ்வேர்டும். ஆண்ட்ராய்டில் எஸ்எம்பி (இந்தப் பகிர்வு முறையின் பெயர், தவிர்க்கச் சொன்னது அதன் பழைய 1.0 பதிப்பை மட்டும்) ஆதரிக்கும் ஃபைல் மேனேஜர் அல்லது விஎல்சி வீடியோ பிளேயர். மேக்கில் ஃபைண்டரின் 'கோ' மெனுவில் 'கனெக்ட் டு சர்வர்'. மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் பகிர்வதென்றால், 'ஃபைல் ஷேரிங்' இயக்கிய பிறகு 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'விண்டோஸ் ஃபைல் ஷேரிங்' பகுதியில் அந்த யூசரைத் தனியாக டிக் செய்து பாஸ்வேர்டை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலரும் 'மேக் மட்டும் ஏற்கவில்லை' என்கிறார்கள்.

வெளியிலிருந்து திறக்கலாமா?

ஆபீஸிலிருந்தும் பார்க்கலாமே என்று ரவுட்டரில் 445 என்ற போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். அது இந்தப் பகிர்வு ஓடும் வாசல். இணையத்தில் திறந்து கிடக்கும் 445-ஐத் தேடியே ஓயாமல் அலையும் நிரல்கள் உண்டு. வெளியிலிருந்து வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்து, பிறகு திறப்பதுதான் முறை.

யாருடைய லேப்டாப்பாவது தொலைந்தாலோ விற்கப்பட்டாலோ, ஃபோல்டரைத் தொட வேண்டாம். டெஸ்க்டாப்பில் அந்த ஆளின் யூசர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அல்லது கணக்கையே நீக்குங்கள். மற்றவர்களுக்கு எதுவும் மாறாது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு மட்டும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கலாம். 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்', 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்', 'செஷன்ஸ்' பட்டியலில் யார் எந்தக் கணினியிலிருந்து உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். அந்த வரியை ரைட் கிளிக் செய்து 'க்ளோஸ் செஷன்'.